ஒட்டுக்குக் கீழே

மார்ச் 3, 2118. காலை 6:10
குளிர்க்கூடம் நான்கு, கொடைக்கானல் மேல்மலை. பொறுப்பு: ஜெசிந்தா. வெளியே 31 டிகிரி, உள்ளே 5. கரடிமூக்கு ஆப்பிளின் கடைசி மரம் உயிரோடு இருக்கிறது. மலையில் குளிர்காலம் நின்று முப்பது வருஷம். இந்த அறைக்குள் மட்டும் மின்சாரம் போட்டுக் குளிரைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒட்டுக்குக் கீழே மூன்று தளிர். வெட்டியாச்சு. மேலே ஒட்டியதுதான் நல்ல ரகம், கீழே இருப்பது காட்டு வேர், அதன் தளிர் சாற்றைத் திருடும். விதிப்புத்தகத்தின் முதல் பக்கம். இந்தக் குளிரிலும் எப்படித்தான் முளைக்கிறதோ, சனியன். பதினொரு வருஷமாக இதே வேலை. அலுத்துவிட்டது, யாரிடம் சொல்ல?

மார்ச் 8. காலை 7:40
மழையில் சாலை சரிந்தது, மின்கம்பியும் போனது. கூடத்துக்குள் 28. மேல்கிளைப் பட்டை சுருங்குகிறது. ஊட்டிக் கூடத்து கதீஜாக்கா வானொலியில்:

“ஏடி, இங்க எல்லா ரகமும் காஞ்சு போச்சு. வேர்க்கன்னு நாப்பது வச்சிருக்கேன், ஒட்டுறதுக்கு ஒரு குச்சி இல்ல. ஒட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டுக்கும் மரபணு பாத்து அனுப்பு. பழைய ஏட்டோட ஒத்துப் பாக்கறேன்.”

மேலே பட்டையைச் சுரண்டினேன். கீழ்ப்பகுதிக்கு, வெட்டிப்போட்ட தளிரில் ஒன்று. இரண்டையும் மரபணுக் கருவியில் போட்டு, வந்ததை அனுப்பினேன்.

மார்ச் 10. மாலை 4:15
மறுபடி கதீஜாக்கா: “ஜெசிந்தா, மேல இருக்கிறது வெறும் சந்தை ஆப்பிள்டி. கீழ இருக்கிறதுதான் கரடிமூக்கு. எந்தத் தோட்டக்காரனோ பெரிய பழத்துக்கு ஆசப்பட்டு நல்ல மரத்து மேலயே சந்தைக் குச்சிய ஒட்டியிருக்கான். நாம புத்தகத்தப் பாத்தோம், மரத்தப் பாக்கல. குளிரே வேணாமாம் அதுக்கு, வெயில்லயே பூக்குமாம். எத்தனை தளிர் கைல இருக்கு?”

ஒன்று கருவிக்குள் அரைபட்டது. மற்ற இரண்டையும் பாலில்லாத கட்டஞ்சாயா வைக்க எரித்தேன். பதினொரு வருஷமாக வெட்டியதெல்லாம் அதுதான். ஐயோ, என்ன பாவி நான்.

மார்ச் 13. காலை 6:10
ஒட்டுக்குக் கீழே மிளகளவு ஒரு மொட்டு! அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

“தொடாத. விரலளவு வளரட்டும். ஆள் நடந்தே கிளம்பியாச்சு, பன்னெண்டு நாள் ஆகும். தாக்குப் பிடி, என் தங்கம்ல.”

அத்தோடு வானொலி மின்கலம் தீர்ந்தது. மழை அன்றோடு நின்றது, மின்சாரம் இல்லாமல் பம்பும் ஓடவில்லை; தொட்டியில் அடித்தண்ணீர்தான். எனக்குப் பாதி, மரத்துக்குப் பாதி.

மார்ச் 20. காலை 6:30
காய்ச்சல். இப்போது முழுத் தண்ணீரும் மரத்துக்கு. தளிர் அரை விரல், நாலு இலை. மேல்கிளை செத்துவிட்டது, சாகட்டும். விதிப்புத்தகத்தைக் கிழித்து விசிறிக்கொள்கிறேன்.

மார்ச் 24. காலை 6:10
வெட்டிவிட்டேன்.

தூக்கக் கலக்கம். எழுந்தேன், கத்தியை எடுத்தேன், குனிந்தேன். கை பழகிப்போச்சு. விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

விரலளவு குச்சி, மூன்று கணு. தொட்டி காலி. ஈரத்துணிக்குக்கூட

6:40
வாயில் வைத்திருக்கிறேன். இங்கே ஈரம் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான். பல் படாமல். நாளைக்கு வந்துவிடுவார்கள். வந்துவிடணும்.

வருகிறவர்களுக்கு: கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டேன். நாடி பார்க்க வேண்டாம். முதலில் வாயைத் திறந்து