தொலையாத சாவி

அன்புள்ள அம்மா,

அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? நான் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா பூங்காவுக்கு இழுத்துப்போனார். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, போன் காட்டும் இடத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. வெளியாட்களுக்குத் தெரியக்கூடாதாம். பெஞ்சுக்கடியிலும் புதரிலும் தேடி இடுப்பு விட்டுப்போயிற்று.

"போதும்க்கா, போயிடலாம்" என்று எழுந்தேன். அப்போதுதானா நாயோடு ஒரு பெரியவர் வரவேண்டும்!

"என்னம்மா தொலைச்சீங்க?"

"ரூம் சாவி" என்று உளறிவிட்டேன்.

அவ்வளவுதான், அவர் மண்டிபோட்டுத் தேட ஆரம்பித்தார். குழந்தையோடு வந்த பெண்ணும் சேர்ந்துகொண்டாள். "கிடைக்காது, விடுங்க" என்று நான் சொல்லியும் பெரியவர் விடவில்லை.

"சாவி இல்லாம எங்கம்மா போவீங்க?"

வேறு வழியில்லாமல் என் பையிலிருந்த சாவியைப் புல்லில் நழுவவிட்டு, "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். வழியெல்லாம் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எங்கே போவாய் என்று இந்த ஊரில் அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை, அம்மா.

சாவியில் கோத்துக்கொள்ள உன் பழைய வளையல் ஒன்று அனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். வளையல் தொலைந்தால் மட்டும் யார் சொன்னாலும் தேடுவதை நிறுத்தமாட்டேன்.

உன் மகள்