உன் குருவியின் வாயில் ஒரு புழு

பிரியமுள்ள சுப்பு,

உன் குருவி கப்பலேறிவிட்டது. நீ வரைந்தபடியேதான், ஒரு புழுவைத் தவிர.

வறண்ட மலைகளில் விதை பொறுக்கித் தின்று பாடித் திரியும் பறவை ஒன்று குழந்தைகள் பனியனுக்கு வேண்டும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டிருந்தார். மண் நிற உடம்பு, சிறகில் கொஞ்சம் ரோஸ், தடித்த அலகு, அதன் நுனியில் ஒரே ஒரு கறுப்பு விதை என்று வரைந்தாய். விதையை உடைக்கத்தான் அலகு அவ்வளவு தடிமன் என்று என் டீ ஆறும்வரை விளக்கினாய்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது செக்கிங் பொன்னம்மா வந்தார்.

"சார், எல்லாப் பீஸ்லயும் மூக்குக்கிட்ட ஒரே எடத்துல இங்க் கறைங்க. மொத்தத்தையும் ரிஜெக்ட்ல போட்டுட்டேனுங்க."

தரத்தில் நம் கம்பெனி அவ்வளவு கறார். அது விதை என்று நான் சொல்லியிருந்தால் போதும். பையரின் ஆளும் கறை என்று நினைத்துவிட்டால்? புள்ளியின் மேலேயே இன்னொரு அச்சு ஸ்கிரீன் வைத்துப் புழுவாக இழுக்கச் சொன்னேன். உன்னிடம் போனில் கேட்டிருக்கலாம். நீ மறுப்பாய் என்பதால், நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

உன் காரியத்துக்கு வந்தவர்களுக்கு, ஷிப்மென்ட்டில் மிஞ்சிய பனியன்களை உன் நினைவாகக் கொடுத்தோம். எல்லாம் குழந்தைகள் சைஸ். உன் மனைவி செல்வி ஒன்றை விரித்துப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, இது அவரு வரைஞ்சதுங்களா? வெதை திங்கற குருவின்னுல்ல சொன்னாரு. ஊட்டுல வேற பேச்சே இல்லீங்க."

"கடைசியில மனசு மாத்திக்கிட்டாப்ல, அம்மிணி."

செத்தவன் வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்.

"ஆஸ்பத்திரியில பக்கத்துலயேதானுங்க இருந்தேன்" என்றாள். "எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

அந்தப் பனியன் இப்போது உன் படத்துக்குக் கீழே தொங்குகிறது. போகும்போதெல்லாம் டீ கொடுக்கிறாள். குருவி கண்ணில் படாதபடி திரும்பி உட்கார்ந்து குடிக்கிறேன். நீ அவளிடம் எதையாவது மறைத்ததுண்டா? இனி அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாளா?

உன் பழைய ஸ்கிரீன் இன்னும் நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள நம் பிரின்டிங் யூனிட்டில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் நானே ஒரு பனியன் அடிப்பேன், விதையோடு மட்டும். அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போவேன். புழுவை வைத்தது யார் என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். டீ அதற்கப்புறம், அவள் கொடுத்தால்.

செல்வி என்னை அண்ணன் என்று அழைப்பதை நிறுத்தும்வரை,
உன் மச்சான்
பழனிசாமி