தீப்பெட்டியில் நந்தகோபால்

கோவில்பட்டி
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்பு மகன் மணிகண்டபிரபுவுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்க செண்பகவல்லி அம்மன் துணை நிற்க வேண்டும். இங்கே உங்கப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசுதான் போன புதன்கிழமையிலிருந்து சரியாக இல்லை. தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பதறாதே. முந்தாநாள் நீ கேட்டபோது ஒன்றுமில்லை, சளி பிடித்திருக்கிறது, அதான் குரல் இப்படி என்றேன் அல்லவா, அது பொய். உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. எடுத்திருந்தாலும் பாதியில் அழுதிருப்பேன், நீயும் பேங்கில் ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னம்மா என்னம்மா என்று கேட்டுக்கொண்டிருப்பாய். எழுதினால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை முத்துச்செல்வியின் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறான், போன வாரம் உங்கப்பாவின் மூக்குக் கண்ணாடிக் காலைக் கடித்து வளைத்துவிட்டான். விளாத்திகுளம் பக்கம் எல்லாரும் புழுதியில் விதைத்துவிட்டு மானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சாயங்காலமானால் மேகம் கூடுகிறது, பிறகு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. கடலைமிட்டாய் பார்சல் வந்ததா என்று நீ சொல்லவே இல்லை, வந்திருந்தால் பேங்கில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துத் தீர்த்திருப்பாய், உன்னைத் தெரியாதா. அங்கே குளிர் தொடங்கிவிடும், பழைய கம்பளி உனக்குப் பத்தாது, புதிதாக வாங்கிக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுதந்திர தினத்தன்று நம் தீப்பெட்டி ஆபீஸில் நடந்த விழாவை நீ போனில் படமாகப் பார்த்தாய், சிவப்பு இதயம் எல்லாம் போட்டாய். உங்கப்பா ஒரு காரியத்தில் இறங்கினால் ஊரைக் கூட்டாமல் விடமாட்டார், ஆனால் இதை அவர் பெருமைக்காகச் செய்யவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். உன் சிநேகிதன் நந்தகோபால் பட்டாளத்தில் பனிமலைக் காவலுக்கு நின்ற இடத்தில் சரிவு விழுந்து செத்துப்போனான் என்ற சேதி வந்த அன்றைக்கு இந்த மனிதர் சாப்பிடவில்லை. ஹாஸ்டலில் இருந்து படித்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன் கூட நம் வீட்டில்தான் சோறு, என் கையால் எத்தனை தோசை தின்றிருப்பான். எத்தனையோ தலைவர் படத்தைப் பெட்டியில் ஒட்டி விற்கிறோம், நம்ம பிள்ளை படத்தை ஒட்டக் கூடாதா, வடநாடு பூராவும் அவன் முகத்தைப் பார்க்கட்டும் என்று அவர்தான் சொன்னார், எனக்கும் அது சரியாகவே பட்டது. வீரர் நந்தகோபால் தீப்பெட்டி என்று பெயர் வைத்து, மேலே கொடி, நடுவில் அவன் படம். அந்தப் படம் நீ அனுப்பியதுதான். கடைசியாக அவன் லீவு முடிந்து போகும்போது கோவில்பட்டி ஸ்டேஷனில் நீங்கள் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நின்றது. அச்சகத்தில் உன்னை வெட்டிவிட்டார்கள், ஆனால் உற்றுப் பார்த்தால் அவன் தோளில் உன் விரல் நுனி தெரியும். விழாவில் அவன் அம்மா வள்ளித்தாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பழைய ராணுவக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள், ரிட்டையர்டு ஹவில்தார் திருப்பதி அண்ணாச்சி அந்தப் பெட்டிக்கே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். வள்ளித்தாய் கை தட்டினாள், அழுதுகொண்டே சிரித்தாள், ஒரு பெட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நாகலாபுரத்துக்கு பஸ் ஏறினாள். யாருக்கும் ஒரு கெட்ட எண்ணம் இல்லை.

போன வாரம் வள்ளித்தாய் தன் மகள் பிரித்திகாவைக் கூட்டிக்கொண்டு மணியாச்சிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள், அவள் தங்கை புருஷன் அங்கே ரயில்வேயில் இருக்கிறார். திரும்பும்போது ஜங்ஷனுக்கு வெளியே டீக்கடையில் நின்றிருக்கிறார்கள். ஸ்டேஷன் பலகையிலேயே ஒரு தியாகியின் பெயர் இருக்கிற ஊர் அது. ஒரு ஆள் பீடி பற்றவைத்திருக்கிறான், கடைசிக் குச்சி போல, பெட்டியைக் கசக்கிக் கீழே போட்டு, பேச்சு வாக்கில் செருப்பால் தேய்த்திருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். வள்ளித்தாய் குனிந்து அதை எடுத்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. சாக்கடையில் ஒன்று, ஆட்டோ சக்கரத்துக்கு அடியில் ஒன்று. அம்மா வீட்டுக்குப் போவோம் வா என்று பிரித்திகா கையைப் பிடித்து இழுத்தும் அவள் வரவில்லையாம். அன்றிலிருந்து ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்தவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை, ஊர் ஊராக பஸ்ஸில் ஏறி இறங்கி டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல் என்று பொறுக்கியிருக்கிறாள்.

புதன்கிழமை காலையில் அவள் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தாள். நான் கம்போ வெள்ளரிக்காயோ கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, எதுக்கு வள்ளி இவ்வளவு சுமந்துக்கிட்டு வாரே என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனேன். அவள் சாக்கைக் கவிழ்த்தாள். மணி, நான் என்னவென்று எழுதுவேன். வாசல் பூராவும் நந்தகோபால். மிதிபட்டு நைந்தவன், சேற்றில் ஊறி முகம் உரிந்தவன், வெற்றிலை எச்சில் பட்டவன், பாதி கிழிந்து ஒரு கண்ணோடு பார்க்கிறவன். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். எம்புள்ளைய எல்லாரும் ரோட்டுல போட்டு மிதிக்காவ யக்கா என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உங்கப்பா உள்ளே இருந்து வந்து பார்த்துவிட்டு, தீர்ந்த பெட்டியக் கீழ போடத்தானம்மா செய்வாங்க என்று சொல்லிவிட்டார். அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் வள்ளித்தாய் சொன்னாள், உங்களத் திட்டவா வந்தேன் அண்ணாச்சி, நீங்க செஞ்சது மரியாதைதான், அன்னைக்கு மேடையில நானுந்தான கை தட்டுனேன், தீந்தா கீழ போடுவாவன்னு எனக்கும் தோணலையே. உங்கப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்குக் காப்பி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அடுப்பு மேடையில் அதே பெட்டி. அன்று காலையில்தான் புதுசு பிரித்திருந்தேன். அப்படியானால் தீர்ந்த பழையது எங்கே போயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முருங்கைக்காய்த் தோலோடு குப்பைக் கூடையில் போட்டேன், காலையிலேயே முனிசிபாலிட்டி வண்டி வந்து அள்ளிப் போய்விட்டது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூடக் கை தயங்கவில்லை. சோறு போட்ட கை இது. காலி என்று தெரிந்தும் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் கையை விட்டுத் துழாவினேன், இருந்தால்தானே. வள்ளித்தாய் அடுப்படி வாசலில் வந்து நின்று அதைப் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்துக் குழாயில் கழுவிவிட்டாள்.

பிறகு ஆபீஸில் இருக்கிற லேபிளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மேனேஜர் பூவனநாதன் நல்ல மனுஷன்தான், ஆனால் யோசிக்காமல், வேண்டாத லேபிளை எப்பவும் போல பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடலாம், இல்லேன்னா கொளுத்திடலாம் முதலாளி என்றார். உங்கப்பா எழுந்து நின்று கத்திய கத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வள்ளித்தாய் மட்டும் மெதுவாகச் சொன்னாள், ஒருக்க எரிச்சது போதும் அண்ணாச்சி. திருப்பதி அண்ணாச்சியை வரச்சொல்லிக் கேட்டார்கள். கொடி கிழிஞ்சு போச்சுன்னா எப்படி மரியாதையா எடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காவ, இதுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலையே என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் நாகலாபுரத்தில் அவர்கள் காட்டில் அவன் சாம்பலை வைத்துக் கட்டின சமாதிக்குப் பக்கத்திலேயே புதைப்பது என்று முடிவானது. நேற்றுக் காலையில் போய்வந்தோம். லேபிள் கட்டு, ஒட்டின அட்டை, வள்ளித்தாயின் சாக்கு, நம் வீட்டு அடுப்பு மேடைப் பெட்டி எல்லாம் ஒரே குழியில்தான். ஆள் வைத்து வெட்டலாம் என்றால் உங்கப்பா கேட்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மம்பட்டி பிடித்தார். கரிசல் மண் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, நான் போதும் என்று சொல்லியும் விடவில்லை. விழா அன்றைக்கு நூறு பேர் வந்தார்கள், நேற்று நாங்கள் ஐந்தாறு பேர்தான், ஆனால் நேற்றுத்தான் அவனுக்கு மரியாதை செய்தோம் என்று எனக்குத் தோன்றியது.

உங்கப்பாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஏளா, மரியாதைன்னுதான நெனச்சேன் என்று என்னிடம் நாளுக்குப் பத்து தடவை கேட்கிறார். தெருவில் தலை குனிந்து நடக்கிறார், எந்தக் கம்பெனிப் பெட்டி கிடந்தாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார், சாமி படம், தலைவர் படம், கொடி படம் எல்லாம். இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கோம், காலுக்குக் கீழ இவ்வளவு கிடக்கிறது என் கண்ணிலே படலையே என்கிறார். நீ போன் பண்ணும்போது இதை அவரிடம் கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். சரக்கில் பாதிக்கு மேல் வடக்கே போய்விட்டது. உங்கப்பா ஏஜென்டுகளிடம் பேசிப் பார்த்தார், லாரி வாடகை நாங்களே தருகிறோம் திருப்பி அனுப்புங்கள் என்றார், எல்லாம் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்றாம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வள்ளித்தாய் அதைத்தான் கேட்டாள், வடக்க போனவன என்ன அண்ணாச்சி செய்ய. உங்கப்பா மம்பட்டியில் ஒட்டின மண்ணைச் சுரண்டினார். எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கு என்று அவள் விடாமல் கேட்டாள், அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார், அதில் கான்பூர் என்றதும் அவள் நிமிர்ந்தாள். நம்ம மணி இருக்கிற ஊருதான அது என்றாள். நான் ஆமாம் என்றேன். சேதி வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு தெளிச்சி, மணி, அதை எப்படிச் சொல்வேன். அப்பம் அவன் பாத்துக்கிடுவான் யக்கா என்றாள். அவ்வளவு பெரிய ஊரில் நீ எதைப் பார்ப்பாய், எத்தனை எடுப்பாய் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

எல்லாவற்றையும் உன்னால் எடுக்க முடியாது, அது அவளுக்கும் தெரியாமல் இல்லை. உன் கண்ணில் பட்டதை எடு. டீக்கடை வாசலில், ஸ்டேஷன் படிக்கட்டில், உன் பேங்க் வாசலிலேயே கிடந்தாலும் எடு. டையும் ஷூவுமாக இருக்கிறோமே, யாராவது பார்ப்பார்களே என்று குனிய வெட்கப்படாதே. அவன் தோளில் உன் விரல் இருக்கிறது. துடைத்து ஒரு உறையில் போட்டு வை, குப்பையோடு சேர்த்துவிடாதே, வீடு பெருக்குகிறவர்களிடமும் சொல்லி வை. தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயிற்றா இல்லையா என்று உடனே எழுது, இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை என்ற கதையை நான் கேட்கமாட்டேன். எல்லாச் செல்வமும் பெற்று, நீண்ட ஆயுசோடு, நாலு பேருக்கு நல்லவனாக நீ இருக்க வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம்.

மறக்காமல் வந்துவிடு. அந்தக் குழியை வள்ளித்தாய் மூட விடவில்லை. மணி கொண்டுவாரது இருக்குல்லா என்று சொல்லி, மேலே ஒரு தகரத்தைப் போட்டு, பறக்காமல் இருக்கக் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறாள். மழை எப்போது வேண்டுமானாலும் வரும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
சு. முத்துமாரியம்மாள்