ஐந்தாம் டிரம் ராணியுடையது

மச்சான்,

ராணியிடமிருந்து ஐந்தாம் டிரம்மைப் பறித்துவிட்டார்கள். எங்கள் குழுவின் மிகப் பெரிய டிரம், நீ கொடுத்துவிட்டுப் போன இடம். போன சனிக்கிழமை, வோபர்னில் பழகுவதற்கு நாங்கள் வாடகைக்கு எடுக்கும் அதே மண்டபத்தில், என் கண் முன்னாலேயே பறித்தார்கள்.

மேசையில் உன் தோள்மெத்தை கிடக்கிறது. டிரம்மைச் சுமக்கும் பட்டிக்குள் நீ வைத்துத் தைத்த பஞ்சுத் துண்டு. நீ கண்ணை மூடி இரண்டு வருடம். உன் கோடாலித் தைலம் இன்னும் மணக்கிறது. ராணி அதை மாற்றவேயில்லை. புதிதாக வந்தவர் முகர்ந்து முகம் சுளித்தார், குழுத் தலைவர் பிய்த்துக் குப்பைவாளியில் போட்டார். நான் குனிந்து எடுத்தேன்.

புதியவர் தலைவரின் மருமகன். விட்பியிலிருந்து வருகிறார், ஆறடிக்கு மேல். தலைவர் வேறொரு குழுவின் ஊர்வலப் படத்தைப் போனில் காட்டினார். "பாருங்கோ, டிரம் பெருக்கப் பெருக்க ஆக்களும் உயரமா நிக்கினம். பெரிய டிரம் சின்னப் பொம்பிளையிட்ட இருந்தா சனம் என்ன சொல்லும்?" ராணியை மிகச் சிறிய முதலாம் டிரம்முக்கு அனுப்பினார். உயரத்தில் நடுவில் வரும் என்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினார்.

நீ இடம் பிரித்த நாள் நினைவிருக்கிறதா? ஐந்து பேஸ் டிரம்களும் வந்திறங்கியதும் எல்லோரும் பெரியதையே பார்த்தோம், கலியாண மண்டபத்தில் முன்வரிசைக் கதிரையைப் பார்ப்பதுபோல. நீ ஒன்றையும் தொடவிடவில்லை. பிளாசாவின் பின்பக்கக் கார்த் தரிப்பிடத்தில் எங்களை வெறுங்கையோடு நடக்கவிட்டாய். ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கொரு கைதட்டு. கேட்பவருக்கு ஒரே ஆள் தட்டுவதுபோல இருக்கவேண்டும். நீ பின்னால் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தாய். மரக்கறிப் பையோடு போன ஒரு அன்ரி நின்று கேட்டார்: "என்ன தம்பி, கோயிலுக்கு நேத்திக்கடனோ?"

"ஓம் அன்ரி. அஞ்சு பேரும் ஒரு ஆளாகோணும் எண்டு நேத்தி."

ராணி நாள் முழுக்கப் பொதிசெய்யும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவள். "எல்லாருக்கும் கை ஓடுது. உந்தப் பிள்ளையின்ர கால் மட்டும் ஓடாது. அஞ்சாவதைக் கேட்டுத்தான் எல்லாற்ற காலும் நடக்கும்" என்றாய். ஆனாலும் உன் கால்கள் இயலாமல் போகும்வரை நீயே ஐந்தைச் சுமந்தாய். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவளுக்குக் கொடுத்தாய்.

எனக்கு இரண்டாவது. ஆரிடமும் படிக்காமல், வீடியோ பார்த்துச் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டிப் பழகிய எனக்கு அது அவமானமாக இருந்தது. ஒரு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. "நீ பிடிவாதக்காரனடா. ரெண்டாவது ஆள் மற்றவையின்ர அடிக்கு இடையில அடிக்கோணும். எல்லாப் பக்கத்தாலயும் இழுப்பினம். நீ போகமாட்டாய்" என்றாய்.

போன சனிக்கிழமை புது வரிசையில் அடிக்கத் தொடங்கினோம். நான்காவது அடி விழுமுன் ஐந்தாவது விழுந்தது. மறுபடியும் அப்படியே. முதலாம் டிரம்மிலிருந்து ராணி சொன்னாள்: "401 ஹைவேயில பிந்தி வாறவர் இஞ்ச மட்டும் முந்தி வாறார்."

மருமகனே சிரித்துவிட்டார். "சொறி அக்கா, எனக்கு எங்க அடிக்கிறதெண்டே விளங்கேல்லை." பாவம், அவர் அந்த இடத்தைக் கேட்டிருக்கவுமில்லை. தலைவர் சிரிக்கவில்லை. "பழகச் சரிவரும். ஊர்வலத்துக்கு இதுதான் வரிசை."

பிறகு பஸ் தரிப்பில் ராணி என்னைப் பாராமலே சொன்னாள்: "அவர் செய்வார் எண்டு தெரியும் அங்கிள். நீங்கள் வாய் திறக்கேல்லை. அதைத்தான் என்னால நம்பேலாமக் கிடக்கு."

எனக்கும்தான், மச்சான். யாருக்கும் விட்டுக்கொடுக்காத நான் ஏன் பேசாமல் நின்றேன்? உனக்கு மட்டும் சொல்கிறேன். மூன்றாம் டிரம் இரண்டாவதைவிடப் பெரிது. தோளில் மாட்டியபோது ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வரும் சனிக்கிழமை நடக்கவேண்டியது இது. தலைவர் அந்தப் படத்தை மூடிவைத்துவிட்டு எல்லோரையும் வெறுங்கையோடு நடக்கவிட வேண்டும். மருமகனும் நடக்கட்டும்; அவர் கால் காட்டும் இடம் அவருக்கு. ஐந்தாம் டிரம்மைத் தலைவரே தூக்கி ராணியின் தோளில் மாட்டவேண்டும். ராணி கோபத்தில் மறுக்கக்கூடாது. நான் எல்லோருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டுக்குத் திரும்பவேண்டும். அதற்கு முன் இந்த மெத்தையைப் பட்டிக்குள் வைத்துத் தைக்கவேண்டியவனும் நான்தான். ஊசியில் நூல் கோர்த்துவிட்டேன்.