பொருத்தனைக் கிடாய்

யேப் தீவு, எகிப்து
அர்தசஷ்டா ராஜாவின் இருபதாம் வருஷம், சிவான் மாதம் 4

அன்புத் தம்பி அக்கூபுக்கு,

எருசலேமில் நீயும் வீட்டாரும் சுகமாயிருக்கப் பரலோகத்தின் தேவனை வேண்டுகிறேன். காய்ச்சலில் கிடந்த என் மகள் யெகோஷ்மா இப்போது ஆற்றங்கரையில் வாத்துகளைத் துரத்திக்கொண்டு திரிகிறாள். அவள் பிழைத்தால் ஆலயத்துக்குப் பழுதற்ற கிடாய் ஒன்று தருவதாகப் பொருத்தனை செய்திருந்தேன். நான் அனுப்பிய துணிக்கு மாற்றாக நீ கிடாய் வாங்கிச் செலுத்திவிட்டதாக எழுதினாய். என் மனது நிறைந்தது.

இன்னொரு சேதி. உங்கள் ஆலய முற்றத்தில் எவனோ நின்று ஆசாரியர்களையே ஏசுகிறானாமே? உப்பு வியாபாரி ஒருவனிடம் விசாரித்தேன். "தீர்க்கதரிசிங்கிறாங்க, பைத்தியங்கிறாங்க. எனக்கு வெயிலு தாங்கல, கெளம்பிட்டேன்" என்கிறான். இப்படிப் பாதியில் விட்டால் எனக்குத் தூக்கம் வருமா? நீ வாசல் காவலன். உன்னைத் தாண்டித்தானே எல்லாம் உள்ளே போகிறது? ஒன்றுவிடாமல் எழுது.

உன் அக்கா மிப்தாயா

—

எருசலேம், எலூல் மாதம் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம்.

அந்த மனிதனின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஐம்பது வயதிருக்கும், ஒரு காது அறுந்தவன். அவன் கத்துவதில்லை, கேள்விதான் கேட்கிறான். ஆசாரியர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒருநாள் பலிக்கு ஒரு செம்மறியை இழுத்துப் போனார்கள். அவன் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். அது இமைக்கவேயில்லை. குருடு.

"ஆசாரியரே, இத உங்க மக கல்யாணத்துக்கு அறுப்பீங்களா?" என்றான்.

"கேக்க நீ யாருடா?" என்றார் ஆசாரியர் அனனெயேல்.

"உங்க வாயால வேதம் கேக்கலாம்னு வந்தவன். எங்க, அந்த வாய் எப்பப் பாத்தாலும் மென்னுக்கிட்டே இருக்கு."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. போகும்போது என்னிடம் நின்றான். "வாசக்காரரே, நீங்க எதை உள்ள விடுறீங்க?" என்று கேட்டான்.

இங்கே இன்னும் மழை இல்லை. இந்த வருஷம் அத்திப்பழம் சின்னது.

உன் தம்பி அக்கூப்

—

யேப், கிஸ்லேவ் மாதம் 20

தம்பி,

கேள்வியை எழுதினாய், பதில் எங்கே? நேராக அத்திப்பழத்துக்குத் தாவிவிட்டாய். சின்ன வயதில் பானையை உடைத்துவிட்டு, "அக்கா, அங்க பாரு கொக்கு!" என்பாயே, அந்த ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் கிடாய் என்ன நிறம்? கொம்பு எப்படி? யெகோஷ்மா தினமும் கேட்கிறாள். நீ எழுதிய எதிலும் அது இல்லை. உன் அத்தான், "பலி ஏறிடுச்சுல்ல? அப்பறம் என்ன துருவல்?" என்கிறார். எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா

—

நெத்தோபா கிராமம்
இருபத்தோராம் வருஷம், நிசான் மாதம் 26

அக்கா,

கிடாய் கபில நிறம், முகம் மட்டும் கறுப்பு. கொம்பு இரண்டு சுற்று. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஆலய மேட்டில் ஏறியபோது வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அனனெயேல் அதன் முதுகைத் தடவினார். "அக்கூபு, இத நெருப்புல போட மனசு வருதா? என் மந்தைக்கு ஆவுமே. வேற ஒண்ண ஏத்திடுவோம். ஒன் அக்கா எகிப்துலேர்ந்து எட்டியா பாக்கப்போறா?"

என் மகன் ஆலயப் பாடகர் வரிசையில் சேர அப்போது அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. நான் கயிற்றை விட்டேன். பலிபீடத்தில் ஏறியது பின்னங்கால் நொண்டி. 'பழுதற்றது, முழுதாக ஏறியது' என்று உனக்கு எழுதினேன்.

எதை உள்ளே விடுகிறேன் என்று அந்த மனிதன் அன்று கேட்டதற்கு, "நான் ஆளுங்களப் பாக்குறவன், ஆட்டப் பாக்குறது அவங்க வேல" என்றேன். "ஆளுங்களயாவது பாத்தீங்களா?" என்றான்.

உன் கடிதம் வந்த வாரம், அவனை உள்ளே விடக் கூடாதென்று உத்தரவு. நான் கோலைக் குறுக்கே வைத்தேன். அவன் சண்டை போடவில்லை. நிழலில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து எனக்கும் பாதி நீட்டினான். நான் வாங்கவில்லை. அனனெயேல் வந்து, "தொரத்துய்யா அவன!" என்று கத்தினார். பொருத்தனை ஆடுகளோடு ஜனங்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். எப்படி வாய் வந்ததோ, "எங்க அக்கா கிடா எங்கய்யா?" என்று கேட்டுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், மகன் விஷயம் உட்பட. வரிசையில் நின்ற ஒரு பெண் தன் ஆட்டைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னாலேயே பலர் போனார்கள்.

அன்று சாயங்காலமே என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். மகனையும் வரிசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவன் என்னோடு பேசுவதில்லை. இங்கே பார்லி அறுக்கிறேன். அந்த மனிதன் எங்கே போனான் என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கக் கூசுகிறது. திட்டியாவது எழுது.

அக்கூப்

—

யேப், ஆப் மாதம் 9

தம்பிக்கு,

மூன்று வாரம் நாணல் பேனாவைத் தொடவில்லை. நொண்டி ஆடு ஏறியதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். 'முழுதாக' என்று உன் கையால் எழுதினாயே, அதைத் தெருவெல்லாம் வாசித்துக் காட்டினேனடா!

இந்தத் தீவிலும் நமக்கு ஒரு ஆலயம் இருக்கிறதே. நேற்று அங்கே போய், "முந்தாநாள் ஏத்துன ஆடு எது? தோலக் காட்டுங்க" என்றேன்.

"ஒனக்கென்னம்மா திடீர்னு?" என்றார் ஆசாரியர்.

"தெரிஞ்சுக்கத்தான்."

காட்டவில்லை. நாளைக்கும் போவேன். உன் அத்தான் தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் தானும் கூட வருவதாகச் சொல்கிறார்.

அத்தனை பேர் முன்னால் என் கிடாயைக் கேட்டாய் அல்லவா, அதை நினைத்தால் கோபம் கொஞ்சம் இறங்குகிறது. முழுதும் இறங்கவில்லை. ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். மழைக்காலத்துக்குள் வந்து சேரும். போர்த்திக்கொள்.

உன் மகனிடம் நீயே முதலில் பேசு. எனக்கும் எழுது. ஆனால் இனி, நான் கேட்கட்டும் என்று காத்திருக்காதே.

அக்கா மிப்தாயா