நீ திறந்துவிட்ட மடை

கோபம் வந்தால் பேச்சை விட்டுவிட்டுச் சாணம் வாரக் கிளம்பிவிடும் என் அஞ்சலைக்கு,

நீ கண்ணை மூடி ஒரு போகம் முடிந்துவிட்டது. பாகூர் ஏரி இந்த வருஷம் நிறைந்தது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் மகன் ராமசாமி நம் பிரெஞ்சு எல்லையில் இருக்கும் சோரியாங்குப்பம் தாண்டி இங்கிலீஷ்காரன் எல்லைக்குப் போய், சீமை உரம் பார்த்துவிட்டு வந்தான். உப்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறதாம். இறைத்தால் பயிர் கருகருவென்று கிளம்புகிறதாம்.

"குப்பையும் தழையும் இன்னும் எத்தினி காலத்துக்கு நைனா? வரப்புல நிக்கிற புங்கமரத்த வெட்டினா நாலு மொழம் கூட நடலாம்."

தழைக்கென்று நீ வைத்த மரங்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இந்தப் போகம் தழை போட்டே வெளைய வச்சிக் காட்டுறன்டா. இல்லாங்காட்டி மரத்த வெட்டிக்க" என்று வாயை விட்டேன்.

தழையைச் சேற்றில் மிதித்த மூன்றாம் நாளே நட்டேன். அவனுக்குக் காட்டிவிட வேண்டுமே என்ற அவசரம். பத்து நாளில் நாற்று மஞ்சளாக வெளுத்து நின்றது. தழை அழுகும் சூட்டில் வேர் வெந்துகொண்டிருந்தது முப்பது வருஷம் ஏர் பிடித்த எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருஷம் இப்படி ஆனதே இல்லையே?

வில்லியனூரிலிருந்து நம் மகள் அலமேலு வந்திருந்தாள். வயலைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்து மடையை வெட்டித் தண்ணீரை வடித்தாள்.

"நாலு நாள் காயட்டும் நைனா, தேறிக்கும்."

"உனக்கு இன்னாடி தெரியும்?"

"அம்மா வருஷா வருஷம் செஞ்சதுதான். நீ எப்பவும் அவசரப்பட்டு நட்டுடுவ. நீ சந்தைக்குப் போனப்புறம் அம்மா வந்து மடையத் தொறந்துவுடும், நீ கேட்டா நண்டு ஓட்டைல வடிஞ்சிடுச்சின்னு சொல்லிடும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரார் என்னைக் கைராசிக்காரன் என்றபோதெல்லாம் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இதற்குத்தானா? அடி கள்ளி! ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

பயிர் தேறியது. களத்தில் நெல்லை அள்ளிப் பார்த்த ராமசாமி, "மரம் நிக்கட்டும் நைனா" என்றான். கீழண்டை வயலில் மட்டும் சீமை உரம் போட்டுப் பார்ப்பானாம். அந்தச் சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது.

நீ இருந்தவரை நாலு பேர் முன்னால் உன் பெயரை நான் சொன்னதே இல்லை. நேற்று களத்தில் ஒருவர் விளைச்சலைப் புகழ்ந்தார். "இது எம்பொஞ்சாதி அஞ்சலையோட வெவசாயம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், அழாமல் சொல்லப் பழகிக்கொள்கிறேன்.

உன்னிடம் இத்தனை வருஷம் ஏமாந்த
உன் வீட்டுக்காரன்