வெளியே வராத சாவி

என் ஆசை அண்ணா,

பாலையூற்று ரயில் கேட்டில் இப்போது நான்தான் வேலை. உங்கள் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் தெறித்த உங்கள் இரத்தத்துக்கு மேல் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மழை ஈரம் பட்டால் இன்னும் தெரிகிறது.

கேட்டைப் பூட்டினால்தான் சாவி கழலும். அதைக் கொண்டுவந்து அறைக்குள் இருக்கும் பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். பிறகு ரயில் கடந்து போகும்வரை பெட்டி சாவியை விடாது. இதைத்தானே அன்றைக்கும் லொறியில் வந்தவர்களுக்குச் சொன்னீர்கள்?

கந்தளாய்ப் பக்கம் யானை மறித்து ரயில் தாமதித்த நாள் அது. "திறவடா!" என்று கத்தினான் அந்த லொறிக்காரன்.

"ஏலாது தம்பி, சாவி உள்ள பிடிபட்டிட்டுது. கோச்சி போகாமல் வராது."

"எனக்கே கதை விடுறியோ?"

தலைமயிரில் பிடித்து இழுத்து, இரும்புக் கம்பியால் உங்கள் மண்டையில் போட்டான். கூட வந்தவர்கள் உதைத்தார்கள். விழுந்த பிறகும் உதைத்தார்கள். சோற்றுப் பார்சலோடு வந்த நான் குழறிக் குழறிக் கத்தினேன், ஒருவனும் திரும்பவில்லை.

அதன்பின் பெட்டியையும் நொறுக்கி, கேட்டையும் பிடுங்கி எறிந்தார்கள். வயர் அறுந்ததும் பச்சை அணைந்து சிவப்பு விழுந்தது. எது உடைந்தாலும் சிவப்புத்தானே? ரயில் தூரத்திலேயே நின்றது. அவன் உயிரோடு லொறியைக் கொண்டு போனான். நீங்கள் உடைந்தபோது ஏன் அண்ணா ஒருவனுக்கும் சிவப்புத் தெரியவில்லை?

இன்றைக்கு அந்த லொறிக்காரன் கேட்டடிக்கு வந்தான். பிணையில் நிற்கிறான். நாளை வழக்கு. நீங்கள் வீம்புக்குத்தான் திறக்கவில்லை என்று அங்கே சொல்லப்போகிறானாம்; அதை எனக்குச் சொல்லத்தான் வந்தான். பச்சை விழுந்து, ரயிலுக்குக் காத்திருந்த நேரம். "வாடா, சாவியை நீயே எடு" என்று உள்ளே கூப்பிட்டேன். கேட்டடியில் கிடந்த இரும்புக் கம்பி என் கையில் இருந்தது.

இழுத்தான். திருகினான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முகம் வெளிறிப் போனது.

"சத்தியமா எனக்குத் தெரியாது, தங்கச்சி."

"நாசமாப் போவானே, தெரியாட்டிக் கொல்லுவியோ?"

அவன் மண்டையைப் பிளக்க வேணும் போலிருந்தது அண்ணா. கம்பியை ஓங்கியும் விட்டேன். அந்த நேரம் பார்த்து ரயில் கடந்தது, சாவி கழன்றது. வெளியே சனம் காத்து நின்றது. கம்பியை எறிந்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறந்தேன்.

மன்னிக்கச் சொல்லாதீர்கள், எனக்கு ஏலாது. நாளை நீதிமன்றத்தில் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "சாவி வராது எண்டு உன்ர கைக்கே தெரியும்."

உங்கள் கதிரையை விட்டு எழும்பாத தங்கச்சி,
சாந்தி